கயிறு எட்டும் அடுப்பு

ரான் குவெய்யைச் சக்கரவர்த்தி மாட்டிவைத்தார் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சக்கரவர்த்திக்கு அப்படி ஓர் ஆள் இருப்பதே தெரியாது. அவரை மாட்டிவைத்தது ஓர் அடுப்பு. பெண்டாட்டி மேல் வைத்த பிரியத்தில் அவரே மண் குழைத்துக் கட்டிய அடுப்பு. பக்கத்து வீட்டுக்காரியாக இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். வேறு யாராவது சொல்ல வந்தால் சாமி, சாபம் என்று எதையாவது சேர்த்துவிடுவார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இடத்துக்கு மாட்டுக்கழுத்து என்று பெயர். இரண்டு மலைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும், நடுவில் ஆறு. அப்போது அங்கே இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது. அப்பா இல்லை. அம்மாவும் நானும் சோயாப்பாலைத் திரித்து டோஃபு செய்து, புகையில் வாட்டி, சந்தைக்குச் சுமந்துபோய் விற்றுப் பிழைத்தோம். இன்னொன்று குவெய் அண்ணனுடையது. அவருக்குக் கல்யாணமாகி யிங் அண்ணி புதிதாக வந்திருந்தாள். சமவெளிக்காரி. பின்கட்டு அடுப்பின் புகை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சமைத்து முடிப்பதற்குள் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிடும். அண்ணன் கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு ஆற்றுப் பக்கம் தாழ்வாரத்தை இழுத்துக் கட்டி, புகையைக் காற்று அடித்துக்கொண்டு போகிற மாதிரி புது அடுப்பு போட்டுக் கொடுத்தார்.

எங்கள் அம்மாவால் சும்மா இருக்க முடியுமா?

"ஏண்டா குவெய், பொண்டாட்டி கண்ணுல தண்ணி வந்தா ஆத்தோரம் அடுப்பு கட்டுற. நாளைக்கு அவளுக்குக் கால் வலிச்சா மலையத் தூக்கிக் கிட்ட வைப்பியா?"

"வைப்பேன் அத்தை. நீங்க ஒரு பக்கம் புடிங்க" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் புது அடுப்புக்கு மேல் அடுப்புச்சாமி படத்தை ஒட்டினார்.

அந்த மழைக்காலத்தில்தான் மரம் வந்தது. தலைநகரத்தில் அரண்மனையின் பெரிய மண்டபம் இடி விழுந்து எரிந்துவிட்டதாம். சக்கரவர்த்தி அதை முன்னைவிடப் பெரிதாகக் கட்டப்போகிறாராம். அங்கே இடி விழுந்ததற்கு இங்கே எங்கள் மலையை மொட்டையடித்தார்கள். உச்சிக்காட்டு நான்மு மரங்களை வெட்டி, சரிவில் உருட்டி, வெள்ளம் வரும்போது ஆற்றில் விட்டார்கள். மற்ற மரங்களெல்லாம் ஒழுங்காகப் போயின. இருப்பதிலேயே பெரியது மட்டும் எங்கள் வீடுகளுக்குக் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டது. வெள்ளம் வடிந்துவிட்டது. படுத்துக் கிடக்கும்போதே அது ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. கூலிக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து, கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். அது அசையவில்லை. அடுத்த பெருவெள்ளம் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கூலிகள் போனதும் குமாஸ்தா துவான் வந்தான். ஒல்லி உடம்பு, எப்போதும் மூக்கைச் சிந்திக்கொண்டே இருப்பான். கையில் அரக்கு முத்திரை வைத்த ஒரு சணல் கயிறு.

"இது சக்கரவர்த்தியோட மரம். மரம் எங்க வந்து நிக்குதோ, அங்க எந்த அடுப்பு கிட்டக்க எரியுதோ, அந்தக் குடும்பம் இதுக்குக் காவல். மரம் நகர்ற வரைக்கும் அவங்களும் நகரக் கூடாது. மரத்துல கீறல் விழுந்தா குடும்பத்தோட நாடு கடத்திடுவாங்க" என்றான்.

"அடுப்ப ஏங்கய்யா அளக்குறீங்க? வாசல அளங்களேன்" என்றாள் அம்மா. எங்கள் வாசல் ஆற்றைப் பார்த்ததல்ல. அதுதான் அவள் கணக்கு.

"வாசல எவன் வேணா எங்க வேணா வைப்பான். அடுப்புதான் குடும்பம். ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு அடுப்பு எரிஞ்சா ரெண்டு குடும்பம். ஒரே அடுப்புல சாப்பிட்டா எல்லாரும் ஒரே குடும்பம். சட்டம் தெரியாமப் பேசாத."

அளப்பதற்கு முன்னால் அடுப்பை இடித்தாலோ தள்ளி வைத்தாலோ கசையடி என்றும் சொன்னான். கயிறு எட்டும் தூரத்தில் அடுப்பே இல்லையென்றால் அரசாங்கக் கச்சேரிதான் சம்பளம் கொடுத்துக் காவல் வைக்க வேண்டும். அதனால் எப்படியாவது ஓர் அடுப்பைக் கண்டுபிடித்துவிடுவது துவானுக்கு வழக்கம்.

கயிறு எங்கள் பக்கம் வந்தபோது அம்மா என் கையை நெரித்த நெரிப்பில் விரல் வெளுத்துவிட்டது. எங்கள் அடுப்பு பின்சுவரை ஒட்டி இருந்தது. குவெய் அண்ணன் அடுப்பும் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் மாட்டியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். கயிறு அண்ணனின் தாழ்வாரத்துக்கு முதலில் எட்டியது. அண்ணி அப்போது அந்த அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

அன்றிலிருந்து அண்ணன் மரக்காவல். விடியும்போது ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை மரத்தின் பக்கத்தில் நின்று சேகண்டி அடிக்க வேண்டும். எதிர் மலையில் இருக்கும் காவல்சாவடிக்கு அது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சிப்பாய்கள் இறங்கி வந்துவிடுவார்கள். வெயிலில் மரம் வெடிக்காமல் வைக்கோல் போர்த்தித் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆடு கொம்பை உரசினால் விரட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை துவான் வரும்போது மரத்தின் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட வேண்டும். சந்தைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் "என்னப்பா குவெய், மாமனாரு நல்லா இருக்காரா? குளிப்பாட்டிட்டியா?" என்று கேட்பார்கள். முதலில் அண்ணனும் கூடச் சிரித்தார். பிறகு யார் கேட்டாலும் குனிந்து வைக்கோலைச் சரிசெய்வார்.

சந்தை கூடும் ஊர் வாத்துத்திட்டு. ஆற்றோடு கீழே இருக்கிறது. ஆற்றோரமாக நடக்க வழியில்லை. மலையேறி இறங்க வேண்டும். விடிந்து கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம். அண்ணனுக்கு அந்த ஊரே இல்லாமல் போனது. சேகண்டி அடித்துவிட்டு எவ்வளவு வேகமாக ஓடினாலும் பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்ப முடியாது. ஒரு தடவை ஓடிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பாதி மலையிலிருந்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர் நேரே போய்ச் சேகண்டியை எடுத்தார்.

அண்ணிதான் உடைந்துபோனாள். ஒரு நாள் மண்வெட்டியை எடுத்து அந்த அடுப்பை நொறுக்கிவிட்டாள். அடுப்பு இல்லையென்றால் குடும்பம் இல்லை, குடும்பம் இல்லையென்றால் காவல் இல்லை என்பது அவள் நியாயம். துவான் வந்து பார்த்துச் சிரித்தான்.

"அளக்குறதுக்கு முன்னாடி இடிச்சிருந்தா கசையடி. இப்ப இடிச்சா உனக்குத்தான் சோறு இல்ல. திருப்பிக் கட்டு."

அண்ணன் திருப்பிக் கட்டினார். வருஷக் கடைசியில் அடுப்புச்சாமி மேலுலகத்துக்குப் போய் வீட்டு நிலவரம் சொல்வார். நல்லதாகச் சொல்லட்டும் என்று எல்லோரும் அவர் வாயில் வெல்லப்பாகு தடவுவோம். அந்த வருஷம் அண்ணி தடவவில்லை. "போய் உள்ளதச் சொல்லட்டும். அங்கயாவது யாராவது கேக்கட்டும்" என்றாள்.

சாமி என்ன சொன்னாரோ தெரியாது, சக்கரவர்த்தி இறந்துபோனார். எல்லோரும் வெள்ளை கட்டிக்கொண்டோம். நான் துக்கத்துக்குக் கட்டவில்லை. இனி மண்டபமும் வேண்டாம், மரமும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற சந்தோஷத்தில் கட்டினேன். துவான் வந்தான்.

"மண்டபம் வேற மரத்துல எழும்பிடுச்சு. இது புதுச் சக்கரவர்த்தியோட சமாதி மண்டபத்துக்குத் தூண்" என்றான்.

"அவரு இப்பத்தானேய்யா சிம்மாசனத்துல உக்காந்திருக்காரு? அதுக்குள்ள சமாதியா?" என்றார் அண்ணன்.

"உக்காந்த அன்னிக்கே ஆரம்பிச்சாத்தான் போறதுக்குள்ள முடியும். நீ வைக்கோலப் போடு."

அவர்களுக்குச் செத்த பிறகும் இருக்க மாளிகை வேண்டும். எங்கள் அண்ணனுக்கு உயிரோடு இருக்கும்போது ஒரு சந்தைக்குப் போக வழியில்லை.

அண்ணிக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. வாத்துத்திட்டில் ஒரு வைத்தியர் இருந்தார். அவர் மலை ஏறி வரமாட்டார். அண்ணனால் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. வேறு ஆள் பிடித்து அனுப்புவதற்குள் அவள் போய்விட்டாள். கடைசியில் என்னிடம் ஒன்று சொன்னாள்: "நான் கண் எரியுதுன்னு சொல்லாமயே இருந்திருக்கலாம்டி." அண்ணன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று நான் அவள் வாயைப் பொத்தினேன்.

அவர்களுக்கு ஒரே பெண், ஷுவாங். அவள் வளர்ந்ததும் துவானுக்கு யோசனை வந்துவிட்டது. மகன் இல்லாத காவல்காரன் செத்தால் மறுபடி கயிறு பிடித்து அளக்க வேண்டும். அது அவனுக்குத் தலைவலி. "பொண்ணுக்கு வீட்டோட மாப்பிள்ளை எடுத்துக்க. ஒரே அடுப்பு. உனக்கப்புறம் அவன் காவல்" என்று நச்சரித்தான். அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை முறைத்துப் பார்த்தார். அந்த வருஷமே ஷுவாங்கை வாத்துத்திட்டில் பரிசல் ஓட்டும் பெங் தாவுக்குக் கொடுத்துவிட்டார். பெண் வேறு வீட்டுக்குப் போனால் வேறு அடுப்பு. மரம் அவளைத் தொட முடியாது.

அவள் கிளம்பும்போது அண்ணன் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஒரு நாள் இந்தச் சனியன் போகும். அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்து, நீ உன் அடுப்புல ஆக்குனத ஒரு கிண்ணம் சாப்பிடுவேன். அது போதும் எனக்கு."

புத்தாண்டுக்குப் புருஷனோடு, பிறகு பிள்ளையோடு ஷுவாங் வருவாள். வந்தால் அப்பா அடுப்பில்தான் சமைப்பாள். அது அண்ணனுக்குக் கணக்கில்லை. நான்தான் சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஷுவாங் வீட்டில் தங்கிச் சாப்பிட்டு வருவேன். ஊறவைத்த கடுகுக்கீரை போட்டு மீன் குழம்பு வைப்பாள். அப்படியே யிங் அண்ணி கை. திரும்பி வந்ததும் அண்ணன் சேகண்டியைக் கீழே வைத்துவிட்டு வருவார்.

"உப்பு எப்படி தங்கச்சி?"

"சரியா இருந்துச்சுண்ணே."

"மீன் உடையலையே?"

"உடையல."

அப்புறம் சேகண்டியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போவார்.

ஆற்றோரத்தில் உள்ள ஊரெல்லாம் வெள்ளம் வரக்கூடாது என்று வேண்டும்போது, அண்ணன் மட்டும் வரவேண்டும் என்று வேண்டினார். நானும் அவரோடு சேர்ந்து வேண்டினேன். எங்கள் வீடு மேட்டில் இருந்தது, எனக்கென்ன? கடைசியில் ஒரு கோடையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பகலில் ஆறு பாறைகளை மூடியது. மரம் முனகியது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, சுழன்றது, போயே போய்விட்டது. அண்ணன் தாழ்வாரம் இடிந்து விழுவதைக்கூடப் பார்க்காமல், சேகண்டியை எடுத்துக் கை ஓயும் மட்டும் அடித்தார். அவ்வளவு வயதான ஆள் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

வெள்ளம் வடிந்த மறுநாள் விடியலில் சேகண்டி அடிக்கவில்லை. அந்த அமைதியில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அண்ணன் என் வாசலில் நின்றார். தலை சீவி, நல்ல சட்டை போட்டு, ஒரு கையில் சேவல், இன்னொரு கையில் பேரனுக்கு வெல்லக்கட்டி.

"டோஃபுக்காரி, கிளம்பு. வழி காட்டு. எனக்கு அந்தப் பாதை பாதிதான் ஞாபகம் இருக்கு."

நாள் முழுக்க நடந்தோம். அவர் பேசிக்கொண்டே வந்தார். அத்தனை வருஷத்துப் பேச்சு. முதலில் குழம்பா, சோறா, அல்லது குழம்பைத் தனியாகக் குடித்துப் பார்த்துவிடலாமா என்றுகூடக் கேட்டார். வாத்துத்திட்டு தெரிகிற இறக்கத்தில் திடீரென்று நின்றார். மூக்கை உறிஞ்சினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நனைந்த நான்மு மரத்துக்கு ஒரு வாசனை உண்டு. அவர் அதோடு குடித்தனம் நடத்தியவர்.

கீழே பார்த்தோம். பரிசல் துறையில், பெங் தாவ் வீட்டு வாசலுக்கு நேரே, மரம் சேற்றில் புதைந்து குறுக்கே கிடந்தது.

எப்படி இறங்கினோம் என்று தெரியாது. ஊரே துறையில் கூடி நின்றது. பெங் தாவின் முகம் செத்திருந்தது.

"நாளைக்குத் துவான் கயிறோட வர்றானாம் மாமா. எங்க அடுப்புதான் கிட்டக்க. ராத்திரியோட ராத்திரியா இடிச்சிடலாம்னு பாத்தேன். ஊர்த்தலைவர் ஆளு போட்டுக் காவல் நிக்குறாரு. நான் இடிச்சா அடுத்த அடுப்பு அவரோடது" என்றான்.

ஷுவாங் எதையும் காதில் வாங்கவில்லை. அப்பா முதல் தடவையாக வந்திருக்கிறார் என்பதுதான் அவளுக்கு. கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"உள்ள வாங்கப்பா. குழம்பு கொதிச்சிடுச்சு. முதல்ல சாப்பிடுங்க, மத்ததப் பொறவு பேசிக்கலாம்."

வாசனை வெளியே வரை வந்தது. அண்ணன் வாசல்படிக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன யோசிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார்.

"மண்வெட்டி இருக்கா மாப்பிள்ளை?" என்றார்.

வீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில், மரத்தைக் கை நீட்டித் தொடுகிற தூரத்தில், மண் குழைக்க ஆரம்பித்தார். அடுப்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்குச் சட்டத்தில் கசையடி உண்டு. கொண்டுவந்து போடுகிறவனுக்கு என்ன தண்டனை என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு பைத்தியம் பிறக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஷுவாங் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்பா! இன்னிக்குத்தானப்பா வெளிய வந்தீங்க. நாங்க பாத்துக்குறோம். நாங்க சின்ன வயசு."

"அதாண்டி சொல்றேன். எனக்கு இந்த வேலை பழக்கம். உன் பையனுக்குப் பழக்கிவிடச் சொல்றியா?"

"அப்ப ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது செய்யுங்க."

"உன் அடுப்புல சாப்பிட்டா ஒரே குடும்பம். தெரியும்ல? தள்ளிப் போ."

விடிவதற்குள் அடுப்பு காய்ந்து எரிந்தது. நான் போய்ப் புது அடுப்புச்சாமி படம் வாங்கி வந்தேன். நாலு மூங்கில் நட்டு ஓலை போட்டான் பெங் தாவ். துவான் கயிறோடு வந்தபோது அண்ணன் சட்டியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்.

துவான் அவரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மூக்கைச் சிந்தினான்.

"யோவ், நீதான் தப்பிச்சிட்டியே. உனக்குக் கிறுக்கா?"

"அளங்கய்யா. கஞ்சி அடி புடிச்சிடும்."

கயிற்றை முழுக்கப் பிரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். மகள் வீட்டுச் சுவர் அவருக்கு எச்சில் துப்பினால் விழுகிற தூரம். அவள் மீன் கழுவுவது தெரியும், தாளிப்பது கேட்கும். இங்கே துவான் நினைத்தபோதெல்லாம் சொல்லாமல் வந்து அண்ணனின் சட்டியைத் திறந்து பார்ப்பான். ஒரு துண்டு கடுகுக்கீரை கிடைத்தால் போதும், இரண்டு அடுப்பும் ஒன்று என்று எழுதிவிடுவான். ஷுவாங் முதல் வருஷம் முழுக்கக் கிண்ணத்தோடு வந்து கெஞ்சினாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். குழம்பு சேற்றில் ஓடியது. அன்றைக்கு இரண்டு பேரும் அழுதார்கள். அவர் தன் அடுப்புக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

அவர் அதோடு விடவில்லை. காவல் ஒன்று இருக்கும்வரை மற்றவர்கள் வீட்டை எங்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. "நான் போனா மறுபடி அளப்பான். மேட்டுக்குப் போங்க" என்று பெங் தாவை விரட்டிக்கொண்டே இருந்தார். முதலில் அவன் குடும்பம் மேலே ஏறியது. பிறகு ஊர்த்தலைவர். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். மகள் சமைக்கிற வாசனைகூட எட்டாத தூரத்துக்கு அவர்களை அனுப்பிவைத்துவிட்டு, ஆற்றங்கரையில் மரமும் அவரும் மட்டும் இருந்தார்கள். நான் சந்தைக்கு வரும்போது பக்கத்தில் உட்காருவேன். "உப்பு எப்படி தங்கச்சி?" என்பார். சரியாக இருந்தது என்பேன்.

ஒரு சாயங்காலம், நான் ஷுவாங் வீட்டில் தங்கியிருந்தபோது, சேகண்டி கேட்கவில்லை. நாங்கள் இறங்கிப் போனபோது அடுப்பு அணைந்திருந்தது.

துவானுக்கும் அதற்குள் தாடி நரைத்துவிட்டது. கயிற்றின் ஒரு நுனியை மரத்தில் கட்டிவிட்டு மேடேறினான். பெங் தாவின் பழைய அடுப்பிருந்த இடத்தில் பூசணி படர்ந்திருந்தது; அதைத் தாண்டினான். மற்ற வீடுகளின் பழைய கடைக்கால்களையும் தாண்டினான். கயிறு அங்கேயே தீர்ந்துவிட்டது. நுனியைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தான். கயிறு எட்டும் தூரத்தில் எங்கேயும் புகை இல்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான். இனி கச்சேரிதான் சம்பளம் கொடுத்துக் காவல் வைக்க வேண்டும்.

அண்ணனை மேட்டில், ஷுவாங்கின் புது வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். சடங்கெல்லாம் முடிந்ததும் அவள் தன் அடுப்பில் ஆக்கிய மீன் குழம்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். முள்ளெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். படைத்ததை நாங்கள்தான் சாப்பிட வேண்டும். முதல் வாய் நான் எடுத்தேன்.

"உப்பு சரியா இருக்குண்ணே" என்றேன்.